தளர்தல் யாருடைய செயல்?

யோகாசன வகுப்பின் இறுதியில், பயின்றவர்களையெல்லாம் மல்லாந்து படுக்கச் செய்து, கண்களை மூடி உடலின் பாரத்தைத் தரையிடம் ஒப்படைத்துவிடும்படி ஆசிரியர் பணிக்கும் சவாசனத்தை, ஆசனங்கள் அனைத்திலும் எளியதென்று தொடக்கத்தில் கருதியவர்களே, சில மாதங்கள் சென்றபின் அதுவே மிகக் கடினமானதென்று சொல்லக் கேட்கிறோம். 15-ஆம் நூற்றாண்டில் ஸ்வாத்மாராமர் இயற்றிய ஹடயோகப் பிரதீபிகை, பிணத்தைப் போலத் தரையில் கிடக்கும் இந்நிலை களைப்பை நீக்கிச் சித்தத்துக்கு விச்ராந்தியை அளிக்கும் என்று ஒரே சுலோகத்தில் கூறி மேலே சென்றுவிடுகிறது. அந்தச் சுருக்கமான வாக்கினுள், நம் சமய சாஸ்திரங்களில் நெடுங்காலமாக வாதிக்கப்பட்டுவரும் ஒரு வினா அடங்கியிருக்கிறது. தளர்தல் என்பது ஒரு செயலா, அல்லது செயலின் நீக்கமா? செயலென்றால் அதைச் செய்பவன் யார்? செயலின்மை என்றால், ஒன்றும் செய்யாதிருப்பதற்கு ஆண்டுக்கணக்கில் அப்பியாசம் எதற்கு?

இவ்வினா யோகசாலைக்கு மட்டும் உரியதன்று. சும்மா இருத்தலின் அருமையைத் திரும்பத் திரும்பப் பாடிய தாயுமானவர் முதலாக, ஆத்மாவின் பாரத்தை இறைவன்பால் வைத்துவிடும்படி உபதேசித்த வைணவ ஆசாரியர்கள் ஈறாக, நம் பெரியோர் அனைவரும் ஏதேனும் ஒரு வகையில் விட்டுவிடும்படியே கூறியிருக்கின்றனர். கேட்கின்ற நாமோ, எதை விடுவது என்று தெரிந்துகொண்ட பின்னும், எப்படி விடுவது என்று தெரியாமல் நிற்கிறோம். இதுவரை மனத்தின் காரியமாகவே ஆராயப்பட்டு வந்த இந்த விடுதலில், ஒரு முறை உடலையும் சாட்சியாக அழைத்து விசாரிப்பது நலம் என்று எனக்குத் தோன்றுகிறது. கடந்த நூறாண்டுகளுக்கு மேலாகத் தசையையும் நரம்பையும் பற்றி அறியப்பட்டிருக்கும் உண்மைகள், பழைய வாதத்தில் இரு தரப்பாரும் எதிர்பார்த்திராத ஒரு திசையைக் காட்டுகின்றன.

முதலாவதாகக் கவனிக்கத்தக்கது, பிணம் தளர்ந்திருப்பதில்லை என்பது. உயிர் பிரிந்தவுடன் அவயவங்கள் துவண்டு விழுகின்றன என்பது மெய்தான். ஆயினும் சில மணி நேரத்திற்குள் இமையிலும் தாடையிலும் கழுத்திலும் தொடங்கும் விறைப்பு, ஏறத்தாழ 12 மணி நேரத்தில் உடல் முழுவதையும் பற்றிக்கொள்கிறது. வெப்பம் மிகுந்த நாடுகளில் இன்னும் விரைவாகவே வருகிறது. தசைகள் சிதையத் தொடங்கிய பிறகுதான் அது நீங்குகிறது. இறந்தவரின் தாடையைத் துணியால் கட்டி, கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்து முடிந்து, கைகளை ஒழுங்குபடுத்தும் காரியத்தை வீட்டுப் பெரியவர்கள் தாமதிக்க விடாதிருப்பதில், இந்த விறைப்பைக் கண்டறிந்த அனுபவ ஞானம் அடங்கியிருக்கிறது.

இதன் காரணம் தசையின் அமைப்பிலேயே உள்ளது. மையோசின் என்னும் புரதத்தின் நுண்ணிய தலைகள் ஆக்டின் என்னும் மற்றொரு புரதத்தின் இழையைப் பற்றி இழுப்பதாலும், அவ்வாறு இழைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நகர்வதாலும் தசை சுருங்குகிறது என்ற கொள்கை, 1954-ஆம் ஆண்டில் இரு ஆய்வுக் குழுவினரால் ஒரே சமயத்தில் தனித்தனியே வெளியிடப்பட்டது. பற்றிய தலை தன் பிடியை விடவேண்டுமாயின், அடினோசின் டிரைபாஸ்பேட் என்ற சக்தி தரும் மூலக்கூறு ஒன்று புதிதாக வந்து அதனோடு சேர வேண்டும். சுருக்கத்தைத் தூண்டிவிட்ட கால்சியத்தைத் திரட்டித் தசையினுள் இருக்கும் நுண்பைகளுக்குத் திருப்பி அனுப்புவதற்கும் அதே சக்தி செலவாக வேண்டும். உயிர் நின்றபின் அந்தச் சக்தி தீர்ந்துபோவதால், பற்றியவை பற்றியபடியே நின்றுவிடுகின்றன. பற்றுவதற்கு உயிர் வேண்டும் என்பதை எவரும் ஒப்புவர். விடுவதற்கும் உயிர் வேண்டும் என்பதும், தளர்ச்சி என்பது ஜீவசக்தியின் குறைவன்று, அச்சக்தி செலவாகி நடக்கும் ஒரு காரியமே என்பதும், நாம் போதிய அளவு சிந்தியாத விஷயங்கள்.

இங்கே 1896-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் மதுரையில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சியை எண்ணாதிருக்க முடியவில்லை. பின்னாளில் ரமண மகரிஷி என்று உலகம் போற்றிய வேங்கடராமன், 16 வயதுச் சிறுவனாக, உடம்பில் நோயேதுமின்றித் திடீரென்று எழுந்த மரண பயத்தைத் தனியனாக எதிர்கொண்டபோது, தரையில் படுத்து, உதடுகளை இறுக மூடி, மூச்சை அடக்கி, கைகால்களைப் பிணத்தைப் போல விறைக்கச் செய்து, இவ்வுடல் இறந்தால் இறப்பவன் யார் என்று விசாரித்ததாக அவருடைய சரித்திரம் கூறுகிறது. யோக நூலின் பிணம் தளர்ந்த பிணம். மதுரைச் சிறுவனின் பிணம் விறைத்த பிணம். உடல் நூலறிந்தோர் இவ்விரண்டில் சிறுவனுடையதே மெய்யான பிணத்துக்கு நெருங்கியது என்பர். அவர் நாடியது இளைப்பாறுதலையன்று. உடல் எந்நிலையில் இருப்பினும் அதனைக் காணும் ஒன்று உண்டா என்பதையே. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுமாறு வாசகரைக் கேட்டுக்கொள்கிறேன். பின்னர் இது நமக்கு வேண்டியிருக்கும்.

இனி நரம்பிடம் செல்வோம். நம்மைப் போன்ற முதுகெலும்புள்ள பிராணிகளில், கைகால்களை இயக்கும் தசைகளுக்குச் செல்லும் இயக்க நரம்புகள் சுருங்குமாறு சொல்லும் ஒரே செய்தியைத்தான் சுமந்து செல்ல வல்லவை. தளருமாறு தசையினிடம் நேரே சென்று கூறும் நரம்பு நமக்கு இல்லை. நண்டுக்கும் இறாலுக்கும் அத்தகைய நரம்பு உண்டென்பதும், மனிதனுக்கு இல்லையென்பதும் வியப்பாகவே இருக்கிறது. சுருங்கும் செய்தி நின்றால் தசை தானே தளரும். அந்தச் செய்தியை நிறுத்தும் காரியமோ, முதுகுத்தண்டினுள்ளும் மூளையினுள்ளும், நம் அறிவுக்கு எட்டாத இடத்தில், தடுக்கும் தொழிலை உடைய நரம்பணுக்களால் நடைபெறுகிறது. முழங்கையை மடக்கும் தசை சுருங்கும்போது அதை நீட்டும் தசைக்குரிய நரம்பணுக்கள் முதுகுத்தண்டிலேயே அடக்கப்படுவதை விரிவாக ஆராய்ந்தவர், 1932-ஆம் ஆண்டில் எட்கார் ஏட்ரியனுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட இங்கிலாந்து விஞ்ஞானி சார்லஸ் ஷெரிங்டன். தூண்டுதல் எவ்வாறு ஒரு செயலோ அவ்வாறே தடுத்தலும் ஒரு செயல் என்பதை நரம்பியலில் நிலைநாட்டிய பெருமை பெரும்பாலும் அவரையே சாரும்.

இந்தத் தடுப்பு இல்லாமற் போனால் என்ன நேரும் என்பதற்கு நம் நாட்டுக் காடுகளிலேயே சான்று இருக்கிறது. எட்டி என்றும் காஞ்சிரை என்றும் வழங்கப்படும் மரத்தின் கொட்டையிலுள்ள ஸ்டிரிக்னின் என்ற நஞ்சு, தசையைத் தூண்டுவதில்லை; முதுகுத்தண்டில் தடுக்கும் செய்தியைப் பெறும் வாயிலை அடைத்துவிடுகிறது, அவ்வளவுதான். அடக்குவார் இல்லாத நரம்பணுக்கள் சிறு ஓசைக்கும் சிறு தொடுதலுக்கும் ஒருங்கே கிளர்ந்தெழுவதால், மடக்கும் தசையும் நீட்டும் தசையும் ஒரே சமயத்தில் சுருங்கி, உடல் வில்லைப் போல வளைந்து வலிப்புறுகிறது. அடக்கம் நீங்கினால் சுதந்திரம் வரும் என்று எண்ணுவோர் இந்த நஞ்சின் கதையை ஒரு முறை படிக்க வேண்டும். உடலின் அமைதி, ஒவ்வொரு கணமும் பல்லாயிரம் நரம்பணுக்களால் காக்கப்பட்டுவரும் ஒரு பொருள். அந்தக் காவலில் நம் சங்கல்பத்துக்கு நேரான பங்கு எதுவுமில்லை.

ஆகவே, தளர வேண்டும் என்று ஒருவன் தனக்குத்தானே ஆணையிடுவானாயின், அவ்வாணையைப் பெற்றுக்கொள்ளத் தசையில் யாரும் இல்லை. ஆணையிடும் முயற்சியே நெற்றியைச் சுளிக்கச் செய்கிறது, பற்களைக் கடிக்கச் செய்கிறது, மூச்சைப் பிடிக்கச் செய்கிறது. இந்த முடிச்சை மேல்நாட்டில் மிகுந்த பொறுமையுடன் ஆராய்ந்தவர், 1929-ஆம் ஆண்டில் படிப்படியான தளர்ச்சியைப் பற்றிய தம் நூலை வெளியிட்ட சிகாகோ நகர மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன். தசையில் எழும் மிக நுண்ணிய மின்னசைவுகளைக் கருவிகளால் அளந்தறிந்த அவர், நோயாளியைத் தளரச் சொல்வதற்குப் பதிலாக, முதலில் மணிக்கட்டை மெதுவாகப் பின்னோக்கி வளைக்கச் சொல்லி, முன்கையில் உண்டாகும் அந்த மெல்லிய இறுக்கம் எத்தகையது என்று உணரச் செய்தார். இறுக்கத்தை அறிந்தவன் அதை நிறுத்தவும் அறிவான் என்பதும், நிறுத்துவதைத் தவிர அவன் செய்யவேண்டியது வேறொன்றும் இல்லை என்பதும், தளர்வதற்காகப் பிரயத்தனப்படுபவன் அந்தப் பிரயத்தனத்தினாலேயே தளராதிருக்கிறான் என்பதும் அவர் போதனையின் சாரம். ஆசனம் கைகூடுவதற்குப் பதஞ்சலி காட்டும் உபாயங்களில் ஒன்று, முயற்சியை நெகிழவிடுதல். மற்றொன்று, அனந்தத்தில் சித்தம் தோய்தல். இந்த இரண்டாவதை, பூமியை அசையாமல் தாங்கும் ஆதிசேஷன் மேல் மனத்தைச் செலுத்துவதாக உரையாசிரியர் வாசஸ்பதி மிச்ரர் உரைக்கிறார். ஆதிசேஷனின் அவதாரமாகவே பதஞ்சலியைப் போற்றித் தில்லைக் கூத்தின் முன் நிறுத்தும் நம் மரபுக்கு இந்த உரை மிகவும் உவப்பானது. ஜேக்கப்சன் கண்டது இவற்றுள் முதல் பாதி. தாங்கப்படுகிறேன் என்ற உணர்வாகிய மறு பாதி அவருடைய கருவிக்குள் அகப்படக்கூடியதன்று.

தாங்கப்படுதல் என்பது வெறும் பாவனையா என்று கேட்பவருக்கு, மற்றொருவரின் கை உடலில் என்ன செய்கிறது என்பதே விடை. சித்த மருத்துவத்தின் புறச் சிகிச்சைகள் 32-இல் ஒன்றாகிய தொக்கணம், தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என ஒன்பது வகையாக வகுக்கப்பட்டிருக்கிறது; எண்ணெய் தேய்த்து உடம்பைப் பிடித்துவிடும் வழக்கம் நம் வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்கும், பிறந்த சிசுவுக்கும், மூட்டு வலியுற்ற கிழவருக்கும் ஒருங்கே உரியதாக இருந்து வந்திருக்கிறது. இந்தச் சிகிச்சையைப் பற்றிப் பரவியுள்ள தவறான விளக்கங்களை ஒதுக்கிவிடுவது அதற்குச் செய்யும் மரியாதையே. உழைத்த தசையில் தேங்கிய லாக்டிக் அமிலத்தைப் பிசைந்து வெளியேற்றுவதால் வலி தீர்கிறது என்று சொல்லப்படுவது சரியன்று. அது உழைப்பு நின்ற சற்று நேரத்துக்குள், யார் கையும் படாமலே, இரத்த ஓட்டத்தால் அகன்றுவிடுகிறது. நிகழ்வது நரம்பின் வழியாகவே நிகழ்கிறது. கெண்டைக்காலைப் பிசையும்போது, அந்தத் தசைக்குரிய முதுகுத்தண்டின் அனிச்சை எழுச்சி தணிந்துபோவதை அளந்து கண்டிருக்கின்றனர். கையை எடுத்தவுடன் அது பழைய நிலைக்கு மீண்டுவிடுகிறது என்பதையும் அதே அளவைகள் காட்டுகின்றன. எனவே, தசையைக் கை மாற்றி அமைத்துவிட்டது என்று சொல்வதைவிட, கை இருக்கும்வரை நரம்பு தன் காவலைச் சற்றே இறக்கிவைத்தது என்று சொல்வதே பொருந்தும்.

இதனினும் ஆழ்ந்த ஒரு செய்தி தோலில் இருக்கிறது. விழித்திருக்கும் மனிதனின் நரம்பிழை ஒன்றில் நுண்ணிய ஊசியைச் செருகி அதன் துடிப்பைக் கேட்கும் முறையை 1960-களில் ஸ்வீடன் நாட்டின் உப்சாலா நகரில் உருவாக்கினர். பின்னர் அம்முறையால், ரோமமுள்ள தோலில் ஒரு தனி வகை நரம்பிழை மனிதனுக்கு உண்டென்பது தெளிவாயிற்று. தொட்ட பொருள் எது என்று தெரிவிக்கும் பருத்த இழைகள் வினாடிக்கு 50 மீட்டர் வேகத்திலும் அதற்கு மேலும் செய்தியைக் கொண்டுசெல்ல, இந்த மெல்லிய இழைகளோ வினாடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் வேகத்தில் மிக மெதுவாகச் செல்கின்றன. குத்தினாலும் வேகமாகத் தேய்த்தாலும் இவை அதிகம் பேசுவதில்லை. வினாடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வரையிலான வேகத்தில், தோலின் சூட்டுக்கு ஒத்த சூட்டுடன், ஒரு தாய் குழந்தையை இயல்பாக வருடும் அளவில் வருடும்போதுதான் மிகுதியாகத் துடிக்கின்றன. பொருளை அறிவதற்கு மிகவும் தாமதமான இந்த இழைகள், தொடப்படுகிறோம் என்ற இதத்தை உணர்வதற்காகவே அமைந்தவை என்று ஆய்வாளர் கருதுகின்றனர். பிறரால் அன்புடன் தொடப்படுவதற்கென்றே ஒரு கரணம் பிறக்கும்போதே நம் சரீரத்தில் வைக்கப்பட்டிருக்கிறது என்பதை அறிந்தபின், தனித்து நின்று தானே தன்னை விடுவித்துக்கொள்ளும் ஆத்மாவைப் பற்றி நாம் கொண்டிருக்கும் கற்பனை சற்றுத் திருத்தப்பட வேண்டுமென்றே நினைக்கிறேன்.

தன்னைத் தானே கிச்சுக்கிச்சு மூட்டிக்கொள்ள ஒருவனாலும் இயலாது என்பதும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. நம் கை எப்போது எங்கே படும் என்பதைச் சிறுமூளை முன்கூட்டியே கணித்து, அவ்வுணர்ச்சியின் கூர்மையைக் குறைத்துவிடுகிறது. பிறர் கை படும்போது அந்தக் கணிப்பு இல்லை. எதிர்பார்த்து அறியமுடியாத இடத்திலிருந்து வருவதாலேயே பிறர் தொடுதல் முழு வலிமையோடு நம்மை அடைகிறது. சைவ சித்தாந்தத்தில் குரு தன் கையால் சீடனைத் தொட்டு அருளும் பரிச தீட்சைக்கு ஒரு தனி இடம் தந்திருப்பதை, சடங்கின் ஓர் அங்கம் என்று கடந்துசெல்ல இனி என்னால் முடியாது.

இவ்வளவும் சேர்ந்து, ஸ்ரீவைஷ்ணவ உலகைப் பல நூற்றாண்டுகளாக இரு கூறாக்கி நிறுத்தியிருக்கும் ஒரு வாதத்தின் வாயிலுக்கு நம்மைக் கொண்டுவந்து விடுகின்றன. இறைவனால் காக்கப்படுவதற்கு ஜீவன் தன் பங்காக ஏதேனும் செய்யவேண்டுமா என்ற கேள்விக்கு, தாயைத் தன் கைகளால் பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டியை வடகலையார் காட்டுவர். தாயின் வாயில் கவ்வப்பட்டுத் தானொன்றும் செய்யாதிருக்கும் பூனைக் குட்டியைத் தென்கலையார் காட்டுவர். மர்க்கட நியாயம், மார்ஜார நியாயம் என்ற இப்பெயர்களால் இரு தரப்பும் சுருக்கப்பட்டுவிட்டனவேயன்றி, மூல ஆசாரியர்களின் நோக்கு இவ்வளவு எளியதன்று. பிரபத்தியாகிய சரணாகதியை இறைவனின் கிருபைக்கு ஒரு வியாஜம், அதாவது ஒரு சாக்கு, என்று மட்டும் வடகலையார் போற்றும் வேதாந்த தேசிகர் கொண்டார். அச்செயல் இறைவனின் அருளை விலைக்கு வாங்குவதாக அவர் ஒருபோதும் எண்ணியதில்லை. தென்கலையார் போற்றும் பிள்ளை லோகாசாரியரோ, இறைவனே உபாயம் என்று ஏற்றுக்கொள்ளும் அந்த ஏற்பையும் ஓர் உபாயமாக எண்ணிவிடக் கூடாது என்று எச்சரித்தார். இருவரும் ஒரு மெல்லிய கோட்டின் இரு பக்கங்களில் நின்று, அகங்காரம் பின்வாசல் வழியாக நுழைந்துவிடாமல் காத்தனர் என்றே நான் கொள்கிறேன்.

இப்போது அந்தக் குரங்குக் குட்டியையும் பூனைக் குட்டியையும் உடல் நூலின் வெளிச்சத்தில் பார்ப்போம். குரங்குக் குட்டி தாயின் ரோமத்தைப் பற்றுவது யோசித்துச் செய்த முயற்சியன்று. பிறந்த மனிதக் குழந்தையின் உள்ளங்கையில் ஒரு விரலை வைத்தால் அது இறுகப் பற்றிக்கொள்வதைப் போல, முயற்சி என்பதே உதிக்கும் முன்னர், பிறவியோடு வந்த ஓர் அனிச்சைச் செயல். மனிதக் குழந்தையிடம் ஆறு மாதத்திற்குள் அது மறைந்துவிடுகிறது. அப்படியானால், ஜீவனின் சொந்த முயற்சிக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்பட்ட பிடி, அதற்குக் கொடுக்கப்பட்ட பிடியே ஆகிறது. பூனைக் குட்டியின் கதை இதற்கு நேர்மாறாகத் திரும்புகிறது. பிடரியைக் கவ்வி எடுத்தவுடன் அது கால்களை மடக்கி, வாலைச் சுருட்டி, சத்தமின்றி அசையாமல் தொங்குவது, ஒன்றும் செய்யாமையால் வருவதன்று. நரம்பு மண்டலம் விரைந்து இயற்றும் ஒரு மறுமொழி. 2013-ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆய்வாளர் சிலர் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளைத் தாய் உட்கார்ந்தபடி வைத்திருப்பதைவிடத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது அழுகை குறைந்து, உடலசைவு நின்று, இதயத் துடிப்பும் உடனே தணிவதைக் கண்டனர். எலிக் குஞ்சுகளைப் பிடரியில் பிடித்துத் தூக்கியபோதும் அவ்வாறே நிகழ்ந்தது. தூக்கப்படுவதை உணரும் புலனை மரக்கச் செய்துவிட்டாலோ, குஞ்சு அடங்காமல் நெளிந்தது. அதனை மீட்டுக்கொண்டு போகத் தாய்க்கு அதிக நேரமாயிற்று.

தூக்கப்படும் குட்டி, தூக்குபவளுக்கு ஒத்துழைக்கிறது என்பதே இதன் பொருள். கனமாகாமல் இருப்பதும், திமிறாமல் இருப்பதும் அதனுடைய பங்கு. ஆயினும் அந்தப் பங்கை அது தன் சங்கல்பத்தால் ஆற்றுவதில்லை. தாயின் பல் பிடரியில் பட்டதே அதனை எழுப்புகிறது. ஆகவே, விடுதல் ஜீவனுக்குள் நடக்கும் மெய்யான செயல் என்பதில் வடகலையார் பக்கம் உண்மை இருக்கிறது. அச்செயலை எழுப்புவது ஜீவனுக்குப் புறம்பான ஸ்பரிசம் என்பதில் தென்கலையார் பக்கம் உண்மை இருக்கிறது. இரண்டையும் கலந்து ஒரு சமரசத்தை உண்டாக்க நான் விரும்பவில்லை. ஒருபுறம் சாய்ந்தே தீரவேண்டுமாயின், எட்டிக்கொட்டையின் நஞ்சையும் தோலின் மெல்லிய இழைகளையும் எண்ணிப் பார்க்கும்போது, பிள்ளை லோகாசாரியரின் பக்கமே என் மனம் சாய்கிறது. தளர்ச்சியின் உபாயம் நம் கையில் இல்லை. அதற்கு இடையூறு செய்வதை நிறுத்தும் அளவே நம் கையில் இருக்கிறது, அந்த அளவையும் பெரும்பாலும் பிறரே நமக்குக் கற்றுத்தர வேண்டியிருக்கிறது.

இந்த ஒப்புமையை இதற்கு மேல் இழுத்தால் அறுந்துவிடும் என்பதையும் சொல்லியாக வேண்டும். வார்த்தைகளால் சிந்திக்கும்போது நாவிலும் உதட்டிலும், காட்சிகளை எண்ணும்போது கண் தசைகளிலும் நுண்ணிய இறுக்கம் எழுவதைக் கண்ட ஜேக்கப்சன், அவ்விறுக்கம் முழுவதும் நீங்கினால் எண்ணமும் நின்றுவிடும் என்று கருதினார். மௌன விரதத்தின் மகிமையை விளக்க இது எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது! ஆயினும் 1947-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யூட்டா மாகாணத்தில் மயக்க மருந்து நிபுணர் ஒருவர், தசைகளை அறவே செயலறச் செய்யும் கூராரே என்ற நஞ்சிலிருந்து எடுத்த மருந்தைத் தம் உடலில் ஏற்றிக்கொண்டு, தாமாக மூச்சும் விடமுடியாத நிலையில் பிறர் செலுத்திய சுவாசத்தால் உயிர் தாங்கிக் கிடந்தார். ஒரு விரலும் அசையாத அந்த நேரம் முழுவதும் தம் அறிவு தெளிவாகவே இருந்ததாகவும், நடந்தவை அனைத்தையும் அறிந்திருந்ததாகவும் பின்னர் தெரிவித்தார். சிந்தனைக்குத் தசை துணைக்கருவி. அதற்கு உறைவிடம் வேறு. மதுரைச் சிறுவனை நாம் மறவாதிருக்க வேண்டியது இங்கேதான். உடல் தளர்ந்தாலும் விறைத்தாலும் அதனைக் காண்பது எது என்ற விசாரம், எந்தச் சிகிச்சையாலும் தீர்ந்துபோவதன்று; சவாசனத்தில் கிடைக்கும் இதத்தை ஞானமென்று விற்பவர்களை நம்பிப் பணத்தையும் காலத்தையும் இழப்பவர்களிடம் எனக்கு மிகுந்த இரக்கம் உண்டு.

தளர்ச்சி எல்லாருக்கும் இதமாகவும் இருப்பதில்லை. நெடுங்காலமாகக் கவலையோடு வாழ்ந்தவர் சிலருக்கு, உடலின் இறுக்கம் குறையக் குறையப் பயம் மிகுகிறது. மார்பு படபடக்கிறது, எதையோ இழந்துவிடுவது போன்ற திகில் எழுகிறது. மருத்துவர்கள் நன்கு அறிந்த நிலை இது. தோளை உயர்த்தி, தாடையை இறுக்கி, வயிற்றை உள்ளிழுத்துப் பல ஆண்டுகள் காத்து வந்த காவலையே அவர்கள் 'நான்' என்று அறிந்திருக்கிறார்கள். காவல் இறங்கினால் காக்கப்படுபவனும் போய்விடுவான் என்ற அச்சம் அவர்களுடைய பலவீனத்தினால் வருவதன்று. சரணாகதியைப் பற்றிப் பேசும் உபந்நியாசகர்கள், துன்பத்தில் இருப்பவரிடம் விட்டுவிடும்படி அடிக்கடி சொல்கிறார்கள். விடமுடியாதவன் பக்தி குறைந்தவன் என்ற கருத்து அதில் தொனித்துவிடுகிறது. விடச்சொல்லும் கட்டளையை ஏற்கும் உறுப்பு உடலில் இல்லை என்பதை அவர்கள் அறிந்தால், கட்டளையைக் குறைத்து அருகில் சென்று அமர்வார்கள்.

அருகில் அமர்வது என்று சொன்னதை நான் நேர்ப்பொருளிலேயே சொல்கிறேன். நீண்ட நோயில் கிடக்கும் முதியவர்களை, மாத்திரை கொடுக்கவும் துணி மாற்றவும் தவிர, பலர் தொடுவதில்லை. தொட்டால் வலிக்குமோ என்ற பயம் ஒருபுறம், என்ன செய்வதென்று தெரியாத கூச்சம் மறுபுறம். உங்கள் இல்லத்தில் அத்தகையவர் ஒருவர் இருப்பாராயின், அவருடைய சம்மதத்தைக் கேட்டு, உங்கள் உள்ளங்கையைச் சூடாக்கிக்கொண்டு, அவருடைய முன்கையை முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை, அவசரமின்றிச் சில நிமிடங்கள் நீவிக்கொடுங்கள். தளரும்படி அவரிடம் சொல்ல வேண்டாம். ஒரு கால் மட்டும் வீங்கி வலிக்குமானால் அங்கே இரத்தம் உறைந்திருக்கக் கூடும். மருத்துவரைக் கேளாமல் அந்தக் காலைப் பிடித்துவிடாதீர்கள்.